85,700 ரூபாவும் பதினேழு பேரும்

2019 மே 25, சனிக்கிழமை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு தமிழரையும் முஸ்லிம்களையும் ஒன்றாக உட்கார்ந்து பேச வைக்கலாம் என்று, மட்டக்களப்பு நகரத்தில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் 120 கதிரைகள் போட்டிருந்தேன். வந்தவர்கள் பதினேழு பேர். அவர்களில் நான்கு பேர் ஒலிபெருக்கிக்காரரும் அவருடைய உதவியாளர்களும். மண்டபத்துக்கு 18,000 ரூபா, ஒலிபெருக்கிக்கு 9,000, பதாகைக்கு 6,500, சிற்றுண்டிக்கு 36,000, வெளியூரிலிருந்து ஆட்களை ஏற்றி வர வான் ஒன்றுக்கு 12,000, அச்சுப் பிரதிகளுக்கு 4,200. கூட்டினால் 85,700 ரூபா. அதில் 60,000 ரூபா என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து எடுத்தது. வாரக்கணக்கில் அலைந்து, ஓர் அலுவலகத்தில் அனுமதிக் கடிதத்துக்காக மட்டும் மூன்று நாள் காத்திருந்து நடத்திய கூட்டம் அது. அன்று மாலை கதிரைகளை அடுக்கும்போது எனக்கு ஏற்பட்ட வெறுமையை இன்றும் வார்த்தையில் சொல்ல முடியவில்லை. பணம் போனதைவிட, நல்லது செய்யப் போய் இரண்டு பக்கத்தாரையும் புண்படுத்திவிட்டேன் என்பதுதான் நெஞ்சை அடைத்தது. தொடங்குவதற்கு முன் யாராவது என் கையைப் பிடித்து நிறுத்தி நான்கு விடயம் சொல்லித் தந்திருக்கலாம். அப்படி எவரும் இல்லாததால்தான், இனி இந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கல்லடியில் கணித வகுப்பு நடத்துகிறவன். என் வகுப்பில் அப்போது 41 பிள்ளைகள். முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்தும் வருவார்கள், தமிழர் ஊரான ஆரையம்பதியிலிருந்தும் வருவார்கள். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடம் முடிந்து பிள்ளைகள் முற்றத்துக்கு வந்து எதையோ கடித்துக்கொண்டிருந்த நேரம் அது. மட்டக்களப்பில் மட்டும் சுமார் 30 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் சிறுவர்கள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி தேவாலயங்கள், கொழும்பு ஹோட்டல்கள் எல்லாம் சேர்த்தால் 260க்கும் மேல். தாக்குதலை வழிநடத்தியவன் காத்தான்குடியில் பிறந்தவன் என்ற செய்தி வந்ததும் கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையிலிருந்த சில கிலோமீற்றர் வீதி வேறு நாட்டு எல்லை போல ஆகிவிட்டது. தீபாவளிக்குக் காத்தான்குடியில்தான் உடுப்பு எடுப்போம் என்றிருந்தவர்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். முஸ்லிம் சாரதியின் ஓட்டோவில் ஏறியவர்களை மற்றவர்கள் முறைத்தார்கள். மே மாதம் குருநாகல் பக்கத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கப்பற்சுக்கான் படம் போட்ட உடுப்பைத் தர்மச்சக்கரம் என்று எண்ணி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்த செய்தியும் அந்த மாதத்தில்தான் வந்தது. என் வகுப்பில் 14 பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். எட்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கொப்பி என் மேசையிலேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் கூட்டம் போட முடிவு செய்தேன்.

முதற்பிழை நாளில். மே 25 ரமழான் மாதத்தின் நடுவே வந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ‘நோன்பு திறக்க முன் முடித்துவிடலாம்’ என்று நினைத்தேன். ஆனால் நான்கு மணிக்குத் தேநீரும் பற்றீஸும் ரோல்ஸும் மேசையில் வந்தபோது, விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத ஐந்து மனிதர்கள் என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தமிழர் பக்கமும் அப்படித்தான். எங்கள் பகுதியில் வைகாசி என்றால் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்குக் காலம். வருவேன் என்றவர்களில் பாதிப் பேர் கோயிலில் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்தவர்களின் முப்பத்தோராம் நாள் கழிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அழுது முடிக்காத வீட்டாரிடம் போய் உரையாட வாருங்கள் என்று அழைப்பிதழ் நீட்டியிருக்கிறேன். ஆகவே நாள் குறிக்கும் முன் எல்லாச் சமூகத்தின் நாட்காட்டியையும் ஒன்றாக விரித்து வையுங்கள். நோன்பு, போயா, திருவிழா, வெள்ளி ஜும்மா, ஞாயிறு ஆராதனை மட்டுமல்ல, துக்கத்தின் நாட்களையும் அதில் குறியுங்கள். சாப்பாட்டை யார் சமைக்கிறார்கள் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஹலால் பார்க்கிறவர்களும் சைவம் பார்க்கிறவர்களும் ஒன்றாக உட்காரும் இடத்தில் வாழைப்பழமும் வெறுந்தேநீரும் போதும். நான் 36,000 ரூபா கொட்டிய சிற்றுண்டியில் முக்கால்வாசி அன்றிரவு பக்கத்து வீடுகளுக்குப் போனது.

இரண்டாவது பிழை சொல்லில். பதாகையில் ‘மோதல் காலத்தில் மனித மாண்பு’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தேன். வாசலில் நின்ற ஒரு வயதான அம்மா, “மாண்பு என்றால் என்ன மனே?” என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்கி ஐந்து நிமிடம் பேசினேன். அவருக்குப் புரியவில்லை. கிறிஸ்தவர்கள் தங்கள் பிரசங்கத்தில் மாண்பு என்பார்கள். முஸ்லிம்கள் கண்ணியம் என்பார்கள். எங்கள் வீடுகளில் மரியாதை, மானம். மூன்று பேருக்கும் ஒரே பொருள் வெவ்வேறு சொல்லில் இருக்கும்போது நான் ஒருவருடைய சொல்லை எடுத்து எல்லாருடைய தலைக்கு மேலும் தொங்கவிட்டேன். அந்த ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி அபுதாபியில் பாப்பரசர் பிரான்சிஸும் எகிப்தின் அல்-அஸ்ஹர் தலைமை இமாம் அஹ்மத் அல்-தய்யிபும் மனித சகோதரத்துவம் பற்றிய ஆவணத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். அதன் பகுதிகளை இரவிரவாகத் தமிழாக்கி 150 பிரதிகள் எடுத்து ஒவ்வொரு கதிரையிலும் வைத்தேன். பெரியவர்கள் கையெழுத்திட்ட நல்ல வார்த்தைகள்தான், நான் மதிக்கிறேன். ஆனால் கையெழுத்திட்டு பதினொரு வாரத்தில் குண்டு வெடித்த ஊரில் அந்தத் தாள் விசிறியாகத்தான் பயன்பட்டது. பிறகு நடந்த சந்திப்புகளில் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “உங்களுக்கு எப்போது மரியாதை இல்லாமல் போனது?” அதற்கு எல்லாரிடமும் பதில் இருந்தது.

மூன்றாவது பிழையை எழுதக் கை கூசுகிறது. மேடையில் பயங்கரவாதத்தைக் கண்டிக்கும் பிரகடனம் ஒன்றை வாசிக்க ஏற்பாடு செய்து, அதை முதலில் வாசிக்கும்படி வந்திருந்த மௌலவியிடம் கொடுத்தேன். அவர் வாசித்தார். குரல் நடுங்கியது. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, “வாசித்தால் போதுமா, உங்களுக்கு முன்னமே தெரியாதா?” என்று கேட்டார். தாக்குதலை வழிநடத்தியவனின் பேச்சைப் பற்றி முதலில் முறைப்பாடு செய்தவர்களில் காத்தான்குடி முஸ்லிம்களே இருந்தார்கள். அது எனக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரிந்திருக்கலாம். நான் மேடையில் நின்றுகொண்டு அதைச் சொல்லவில்லை. வாய் வரவில்லை. அதே நேரத்தில், குண்டுவெடிப்பில் மருமகனை, சின்னப் பையனை, இழந்த ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதற்காக மட்டும் வந்தவர். நான் அழைத்திருந்த படப்பிடிப்பாளர் அவருடைய முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் கமெராவைக் கொண்டுபோனார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மனித மாண்பு என்று எழுதிய பதாகைக்குக் கீழே இரண்டு மனிதரின் மாண்பைப் பத்து நிமிடத்தில் பறித்தேன். கமெரா வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, முதல் நாளே, முகம் பார்த்துக் கேளுங்கள். செய்யாத குற்றத்துக்குக் கண்டனமோ மன்னிப்போ எவரிடமும் கேட்காதீர்கள். ‘நீ அவன் இல்லை என்று நிரூபி’ என்று வாசலில் நிறுத்திச் சோதிப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வீதியில் இராணுவச் சோதனைச் சாவடியில் முஸ்லிம்கள் அதைத்தான் நாள்தோறும் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு வந்த மாதம் கொடுமையானது. வெளிநாட்டுப் பணம் வாங்கிவிட்டேன் என்றார்கள். முஸ்லிம்களுக்கு விலைபோனவன் என்று ஒரு அழைப்பு, முஸ்லிம்களை அவமானப்படுத்தவே கூப்பிட்டாய் என்று இன்னொரு அழைப்பு. தமிழ்ப் பிள்ளைகளிலும் ஆறு பேர் வகுப்பிலிருந்து நின்றார்கள். மாத வருமானத்தில் 20,000 ரூபா குறைந்தது. சங்கிலியை மீட்க பதினொரு மாதம் ஆனது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. இந்த வேலைக்கு இறங்குகிறவர்கள் வீட்டாரிடம் முதலில் பேசுங்கள், சொந்தப் பணத்துக்கு ஓர் எல்லை வையுங்கள், தனியாக இறங்காதீர்கள். குறைந்தது எதிர்ச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவராவது முதல் நாளிலிருந்தே உங்களோடு சேர்ந்து திட்டமிட வேண்டும். விருந்தாளியாக அழைப்பது வேறு.

எனக்கு அந்த ஒருவர் தாமதமாகக் கிடைத்தார். காத்தான்குடியில் உடுப்புத் தைக்கிற கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். அவருடைய பேத்தியின் கொப்பிதான் என் மேசையில் கிடந்தது. ஜூன் கடைசியில் அதைக் கொடுக்கப் போனேன். உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “தம்பி, நீங்கள் எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தீர்கள். வீட்டுக்கு வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லையே” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு மீரா ஜும்மா பள்ளிவாசலுக்குப் போனார். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, அங்கேயும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்த 100க்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சுவரில் குண்டு துளைத்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் இந்த ஊருக்குப் பக்கத்திலேயே நாற்பது வருடம் வாழ்ந்தவன். அன்றுதான் அந்தச் சுவரை முதன்முதலாகப் பார்த்தேன். வெளியே வந்து நானும் ஒன்றைச் சொன்னேன். அதே வருடம் செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, எவரும் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து சத்துருக்கொண்டானில் 180க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், கைக்குழந்தைகள் உட்பட. அவர்களில் என் தாயின் சொந்தக்காரர் ஒரு குடும்பம். காக்கா கேள்விப்பட்டிருந்தார், நினைவுத்தூணைப் பார்த்ததில்லை. அடுத்த வாரம் நான் கூட்டிக்கொண்டு போனேன். அத்தனை வாரமும் 85,700 ரூபாவும் செலவழித்துத் தொடங்க முடியாத பேச்சு அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் மோட்டார் சைக்கிளில் தொடங்கியது.

பிறகு எட்டுப் பேர் ஆனோம். மண்டபம் இல்லை, மேடை இல்லை, மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டு விறாந்தையில். அந்த மருமகனை இழந்தவர் மூன்றாவது சந்திப்பில் வந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க நான் நான்கு முறை போயிருந்தேன். நான்காவது முறைதான் கதவைத் திறந்தார். நாங்கள் கடைப்பிடித்த முறைகள் அனுபவத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. தனக்கு நடந்ததை மட்டும் பேசலாம், தன் சமூகத்தின் சார்பில் பேசக்கூடாது. ஒருவர் தன் இழப்பைச் சொல்லும்போது ‘எங்களுக்கும்தானே நடந்தது’ என்று அன்றைக்கே பதில் சொல்லக்கூடாது, அடுத்த மாதம் சொல்லலாம். இது மிகச் சிறிய ஏற்பாடாகத் தோன்றும், ஆனால் எங்களைக் காப்பாற்றியது இதுதான். கிழக்கில் இரண்டு பக்கமும் பிணக்கணக்கு வைத்திருக்கிறோம். ஒருவருடைய கணக்கின் மேல் மற்றவர் தன் கணக்கைப் போட்டால் இரண்டும் அவமதிக்கப்படும். பெண்கள் முதல் நான்கு மாதம் தனியாகக் கூடினார்கள். முகத்திரைத் தடை வந்த பிறகு வெளியே போகவே அஞ்சியதை அவர்கள் எங்கள் முன் சொல்லியிருக்க மாட்டார்கள். கைபேசியில் வரும் வதந்தியை எவருக்கும் அனுப்பும் முன் எங்களுக்குள் ஒருவருக்கு அழைத்து உண்மையா என்று கேட்பது என்று ஒப்புக்கொண்டோம். அதற்காகவே எல்லாருடைய எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தோம், ஏனென்றால் சமூக ஊடகத்தை அரசு முடக்கினாலும் தொலைபேசி வேலை செய்யும்.

எங்கள் எட்டுப் பேருக்கும் சோதனை ஆகஸ்ட் கடைசியில் வந்தது. சீயோனில் வெடித்தவனின் உடற்பாகங்களைக் கள்ளியங்காடு இந்து மயானத்தில் அந்த ஊர் மக்களுக்குச் சொல்லாமல் புதைத்துவிட்டார்கள். மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவின்படி அதைத் தோண்டி எடுத்தார்கள். அந்த மாதச் சந்திப்பில் நாங்கள் கிட்டத்தட்டப் பிரிந்தோம். எங்கள் தாய் தந்தையைத் தகனம் செய்த மண்ணில் அவனை ஏன் போட்டார்கள் என்று நான் சத்தமாகவே கேட்டேன். மௌலவி (ஆம், அதே மௌலவி, அவரும் சேர்ந்திருந்தார்) ஒரு நபிமொழியைச் சொன்னார். ஒரு யூதரின் பிரேதம் கடந்து போனபோது நபிகள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னதும், “அதுவும் ஓர் உயிர் அல்லவா” என்று கேட்டார்கள். சொல்லிவிட்டு அவரே, “ஆனாலும் இவனை எங்கள் மையவாடியில் அடக்க எங்கள் சனமும் சம்மதிக்கவில்லை. அதையும் நான் மறைக்கக்கூடாது” என்றார். மருமகனை இழந்தவர் பேசவே இல்லை. கடைசியில், “அவனைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு என் பிள்ளையைப் பற்றி நீங்கள் பேசவில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முடிவு எதுவும் இல்லை. இன்றும் இல்லை. கொன்றவனின் உடலுக்கும் மரியாதை உண்டா என்ற கேள்விக்கு எங்கள் எட்டுப் பேரிடம் எட்டுப் பதில் இருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் இரண்டு மணிநேரம் பேசினோம். என்ன சாப்பிடுவான், எந்தப் பாட்டுப் பாடுவான், கணக்கில் எங்கே தடுமாறுவான் என்று. காக்கா அழுதார். உடன்பாடு வராத கூட்டத்தைத் தோல்வி என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

பிறகு கொரோனா. 2020 மார்ச் இறுதியிலிருந்து தொற்றில் இறந்த எல்லாரையும் தகனம் செய்தே ஆக வேண்டும் என்றது அரசு. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையை அந்த மாதம் எரித்தார்கள். கொழும்பு பொறளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். நாங்களும் எங்கள் வாசல்களில் கட்டினோம். கள்ளியங்காடு பற்றி நான் கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் வேறு விதமாகக் கேட்டது: தன் பிரேதத்தைத் தன் முறைப்படி அனுப்ப முடியாத வீட்டாருடைய வேதனை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டியது. என் சமூகத்தில் எரிப்பது வழக்கம் என்பதால், எரிப்பதில் என்ன பெரிய விடயம் என்று என் உறவினர்கள் கேட்டார்கள். அவர்களிடம் சத்துருக்கொண்டானைச் சொன்னேன். எங்கள் ஆட்களின் உடல்கள் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை, ஈமக்கிரியை செய்ய முடியாமல் முப்பது வருடம் துடிக்கிறோமே என்றேன். வாதம் செய்து புரியவைக்க முடியாததை அந்த நினைவு புரியவைத்தது. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்குப் புறப்பட்ட பேரணியின் கோரிக்கைகளில் ஜனாஸாவை, அதாவது முஸ்லிம்களின் பிரேதத்தை, எரிக்காதே என்பதும் இருந்தது. காத்தான்குடி வீதியில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்ததைப் பார்த்தபோது 2019 மே மாதத்து 103 வெறுங்கதிரைகள் என் கண்முன் வந்தன.

கடைசியில் அரசு இணங்கி, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் எந்த மூலையில் தொற்றில் இறந்தாலும் அப்போது அங்கேதான் அடக்கம். பெரும்பாலும் முஸ்லிம்கள், மற்ற மதத்தவரும் சிலர். காக்காவின் மச்சான் ஒருவர் கொழும்பில் இறந்து அங்கே கொண்டுவரப்பட்டார். உள்ளே விடுவது நெருங்கிய உறவினர் சிலரை மட்டும்தான் என்பது தெரிந்தே நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மருமகனை இழந்தவர் தானும் வருகிறேன் என்று பின்னால் ஏறினார். வீதியோரத்தில் ஒரு மரத்தடியில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம், வெயில் தாங்கமுடியவில்லை. வண்டித் தொடர் வந்தபோது எது காக்காவின் மச்சானுடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து நின்றார். நானும் நின்றேன். எல்லா வண்டிகளும் உள்ளே போகும்வரை நின்றோம். அன்று இரவு கணக்குக் கொப்பியில் எழுதினேன்: பெற்றோல் 300 ரூபா, தண்ணீர்ப் போத்தல் மூன்று, 210 ரூபா. மூன்றாவது போத்தல் காக்கா வெளியே வந்ததும் கொடுப்பதற்கு.